குளிர் காலையில் மட்டும் சார்ஜ் ஏறாத வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு பழைய டீசல் கார். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து சில காலைகளில் செல்ஃப் திணறித் திணறித்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, சில காலைகளில் எந்தத் தொந்தரவும் இல்லை என்பதுதான் புகார். பேட்டரி புதிதாக மாற்றியாயிற்று, பெல்ட்டும் மாற்றியாயிற்று. ஒர்க்ஷாப்பில் வைத்துப் பார்த்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் (பேச்சுவழக்கில் டைனமோ) 14.2 வோல்ட் கொடுக்கிறது. லைட், ஏசி எல்லாவற்றையும் போட்டாலும் 14க்குக் கீழே இறங்கவில்லை. 'சார்ஜிங் சரியாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கடுங்குளிர் காலையில் பழைய கதைதான்.

வண்டிக்காரரிடம் விசாரித்தபோது அவர் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் நின்றது: "பேட்டரி லைட் ஒரு நாள்கூட எரிஞ்சதில்லைங்க. அதனால டைனமோ மேல எனக்குச் சந்தேகமே இல்லை."

வண்டி ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியாதது நல்லதுதான். ஆனால் சாவியைத் திருப்பி, இன்ஜின் ஓடுவதற்கு முன்னால், அது எரிந்தே ஆக வேண்டும். அந்தச் சில நொடிகளில் அது எரிகிறதா என்று கேட்டேன். அவர் கவனித்ததில்லை. யாருமே கவனிப்பதில்லை, ஆயில் விளக்கு, குளோ பிளக் (டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பாகம்) விளக்கு, ஹேண்ட்பிரேக் விளக்கு என்று ஒரு கூட்டமே எரியும்போது அதில் ஒன்று குறைவது கண்ணில் படாது. குளிர் காலைகளில் சாவியைப் போட்டதும் டாஷ்போர்டை மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம், போனட்டைக்கூடத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

வீடியோக்கள் வரும்வரை, குளிருக்கும் சார்ஜுக்கும் உள்ள உறவைப் பார்த்துவிடலாம். இந்த வண்டியில் நடந்த குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

குளிர் யாரைப் பாதிக்கும், யாரைப் பாதிக்காது

லெட் ஆசிட் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பேட்டரியின் தள்ளும் திறன், சாதாரண வெப்பநிலையில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர் கிராங்கிங் ஆம்பியர் என்ற எண்கூட அந்த மைனஸ் 18 டிகிரியை வைத்து அளந்ததுதான். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃபுக்கு வேலை கூடுகிறது. போதாக்குறைக்கு, குளிர்ந்த பேட்டரி சார்ஜை ஏற்றுக்கொள்வதும் மெதுவாகத்தான். ஆக, குளிரில் திணறுகிற வண்டி என்றால் எல்லோருடைய கையும் முதலில் பேட்டரியை நோக்கிப் போவது இயல்பு.

ஆல்டர்னேட்டரின் கதை நேர் எதிர். அதற்குள் சுழலும் மின்காந்தமான ரோட்டாரில் சுற்றியிருப்பது செம்புக் கம்பி. வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் செம்பின் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். குளிரில் தடை குறைவு, அதனால் அந்தச் சுருளில் ஓடும் ஃபீல்டு மின்னோட்டம் அதிகம், காந்தப்புலம் வலுவாக இருக்கும். குளிர்ந்த ஆல்டர்னேட்டர் சூடான ஆல்டர்னேட்டரைவிட அதிகமாகத்தான் கொடுக்க வேண்டும். குளிரில் மட்டும் அது வேலை செய்யவில்லை என்றால் சுருள்களைச் சந்தேகிப்பதில் பயன் குறைவு. சுருங்குகிற, இறுகுகிற, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடங்களைத்தான் தேட வேண்டும்: கிளிப்புகள், கிரிம்ப் செய்த (அழுத்திப் பிணைத்த) முனைகள், எர்த் இணைப்புகள், பெல்ட், சுழலும் ரோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்.

இன்னொரு கணக்கும் உண்டு. குளிர் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் கால் மணி நேரத்தில்தான் மின்செலவு மிக அதிகம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர், பின் கண்ணாடியில் படியும் ஈரப்படலத்தைப் போக்கும் டிஃபாகர் பத்துப் பதினைந்து, ஹீட்டர் ஃபேன் அதே அளவு. டீசல் வண்டியில் ஸ்டார்ட் ஆன பிறகும் சிறிது நேரம் குளோ பிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், அது தனி. அவற்றை விட்டுவிட்டு 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், ஆல்டர்னேட்டர் கால் மணி நேரம் தூங்கினால் 10 ஆம்பியர் ஹவர் பேட்டரியிலிருந்து போய்விடும். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது ஏழில் ஒரு பங்கு. பக்கத்தில் எங்கோ போய்த் திரும்பும் சின்னப் பயணங்கள் என்றால் அந்தக் கடன் திரும்புவதே இல்லை. சில நாட்கள் இப்படிச் சேர்ந்தால் புதுப் பேட்டரியும் பழைய பேட்டரி மாதிரிதான் நடந்துகொள்ளும்.

இறங்கிய பேட்டரியைக் கடுங்குளிரில் விட்டுவைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். முழுதாக இறங்கிய பேட்டரி மைனஸ் 10ஐ எட்டுவதற்குள்ளேயே உறைந்துவிடலாம். பக்கவாட்டில் உப்பியிருக்கும் பேட்டரிக்கு ஜம்ப்பர் கேபிள் போடவே கூடாது, வெடிக்கலாம்.

வீடியோவில் தெரிந்தது

சில காலைகளின் வீடியோக்களில் எல்லா விளக்கும் எரிந்தன. குளிர் அதிகமாக இருந்த காலைகளின் வீடியோக்களில் பேட்டரி விளக்கு மட்டும் இல்லை. ஆயில் விளக்கு பளிச்சென்று எரிகிறது, பக்கத்தில் பேட்டரி படம் இருக்க வேண்டிய இடம் இருட்டு. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் இருட்டுதான். அதனால்தான் வண்டிக்காரருக்கு எதுவும் தெரியவில்லை.

இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இந்த வகைப் பழைய ஆல்டர்னேட்டரில் அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு கிடையாது, அது மின்சாரம் போகும் வழியே. சாவியைப் போட்டதும் மின்சாரம் அந்த பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) முனைக்குப் போய், ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி), பிரஷ், ஸ்லிப் ரிங் (பிரஷ் தொடும், ரோட்டாரோடு சுழலும் வளையம்), ரோட்டார் சுருள் என்று சுற்றி எர்த்தில் முடிகிறது. ஏறக்குறைய 0.2 ஆம்பியர்தான், ஆனால் ரோட்டாரில் முதல் காந்தத்தை எழுப்ப அது போதும். இன்ஜின் சுற்றி ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் டி பிளஸ் முனையிலும் பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் வந்துவிடும். பல்பின் இரு பக்கமும் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது.

இந்த வழியில் எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது, ஆல்டர்னேட்டரும் விழிக்காது. இந்தச் சோதனை நடப்பது இன்ஜின் ஓடாதபோது என்பதையும் கவனியுங்கள். பெல்ட் வழுக்குகிறதா, புல்லி பழுதா, ஸ்டேட்டர் (ரோட்டாரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்) போய்விட்டதா என்ற கேள்விகளுக்கு இங்கே இடமே இல்லை. நிற்கிற இன்ஜினில் பெல்ட் எப்படி வழுக்கும்? மாற்றிய பெல்ட்டும் மாற்றிய பேட்டரியும் இந்தக் குறைக்குச் சம்பந்தமில்லாதவை என்பதை ஒரு வீடியோ சொல்லிவிட்டது.

மிஞ்சியவை: பல்பு, டாஷ்போர்டின் பின்னால் உள்ள கிளிப், அங்கிருந்து வரும் ஒயர், டி பிளஸ் முனையில் மாட்டும் பிளக், ஆல்டர்னேட்டருக்குள்ளே ரெகுலேட்டரும் பிரஷ்களும் ரோட்டாரும்.

(பல்பை எல்இடியாக மாற்றியிருக்கிறார்களா என்றும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். எல்இடி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் இல்லாமல் அதை மாட்டினால் ரோட்டாரை எழுப்பப் போதாமல் போகும். இதில் பழைய பல்புதான் இருந்தது.)

சோதனைகளின் வரிசை

இடையிடையே வந்து போகும் குறையில் சோதனையே குறையை விரட்டிவிடும். பிளக்கைக் கழற்றி மாட்டினால் துரு உரசி கான்டாக்ட் வந்துவிடும். ஆல்டர்னேட்டரைத் தட்டினால் சிக்கியது விடுபடும். இன்ஜினைச் சூடாக்கினால் எல்லாமே சரியாகிவிடும். ஒர்க்ஷாப் வரை ஓட்டிவந்த வண்டியில் 14.2 வோல்ட் வந்ததற்கு அதுதான் காரணம். எனவே வண்டியை வரவழைக்காமல், இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியிடம் விடியற்காலையில் நான் போனேன். எதையும் அசைக்காத சோதனைகள் முதலில், அசைப்பவை கடைசியில் என்று வரிசையை முன்பே எழுதி வைத்துக்கொண்டேன்.

பேட்டரி முனையில் 12.2 வோல்ட். பாதி சார்ஜ்தான் இருக்கிறது என்று அர்த்தம். நிறைந்த பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். சாவியைப் போட்டேன். பேட்டரி விளக்கு எரியவில்லை. குறை கையில் கிடைத்துவிட்டது, இனி அதை நழுவவிடக் கூடாது.

அடுத்து டி பிளஸ் முனையில் வோல்டேஜ். இதை எங்கே அளக்கிறோம் என்பதில்தான் விஷயம். ஒயரில் அளக்கக் கூடாது, ஆல்டர்னேட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனையிலேயே மீட்டரின் முள்ளை வைக்க வேண்டும். விளக்கு ஒழுங்காக எரியும்போது அந்த முனையில் ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும், மீதியைப் பல்பு விழுங்கிவிடும். முனையில் பூஜ்யம் என்றால் மின்சாரம் அதுவரை வந்து சேரவில்லை. பல்பு, ஒயர், பிளக் ஆகியவற்றில் ஒன்று குற்றவாளி. முனையில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் இருந்தால் மின்சாரம் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே இழுக்க ஆளில்லை என்று அர்த்தம்.

மீட்டர் காட்டியது 11.9 வோல்ட். உள்ளே அறுந்திருக்கிறது.

உறுதிக்காக ஒரு சின்ன ஒயரால் அந்த முனையை ஒரு நொடி எர்த்தில் தொட்டேன். டாஷ்போர்டில் விளக்கு நன்றாக எரிந்தது. பல்பும் ஒயரும் பிளக்கும் நிரபராதிகள். இதை இன்ஜின் நிற்கும்போது மட்டுமே செய்யலாம். அப்போது பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். ஓடும் இன்ஜினில் செய்தால் உள்ளே இருக்கும் டையோடுகள் போய்விடும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, கேபிளைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் பி பிளஸ் (B+) கேபிளில் மாட்டினேன். மின்னோட்டம் பூஜ்யம். பேட்டரியில் 11.8 வோல்ட், அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரேஸ் கொடுத்தும் மாற்றமில்லை. இதுவும் ஒரு நல்ல சாட்சி. பல்பு ஒயர் மட்டும் அறுந்திருந்தால் ரோட்டாரில் எப்போதும் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தத்தை வைத்து, ரேஸ் கொடுத்ததும் பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் தானே விழித்துக்கொள்ளும். அப்படி விழிக்கவில்லை என்றால் ரோட்டாருக்குப் போகும் வழியே துண்டித்திருக்கிறது என்று பொருள்.

இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு, கடைசிச் சோதனைக்கு வந்தேன். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்மூடியில் மெதுவாக ஒரு தட்டு. விளக்கு மினுக்கியது. இன்னொரு தட்டு, நின்று எரிந்தது. டி பிளஸ் முனையில் 1.4 வோல்ட். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்து, கிளாம்ப் மீட்டரில் 60 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பசியோடு இருந்த பேட்டரி இழுத்தது. அந்த நேரத்திலேயே எர்த் பக்கத்தையும் பார்த்துவிட்டேன். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே 0.06 வோல்ட். பொதுவாக 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதால் எர்த்தில் குறை இல்லை.

உள்ளே இருந்தது

இந்த ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டரும் பிரஷ் ஹோல்டரும் ஒரே துண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். வந்தது. ஒரு பிரஷ் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீளம் 7 மி.மீ., மற்றதில் 4 மி.மீ. பல ஆல்டர்னேட்டர்களில் 5 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த பிரஷின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் கிட்டத்தட்ட முழுதாக விரிந்துவிட்டிருக்கும், அதன் அழுத்தம் அங்கே மிகக் குறைவு.

தேய்மானம் மட்டும் என்றால் வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி தொல்லை கொடுத்திருக்க வேண்டும். குளிரில் மட்டும் ஏன்? ஹோல்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது பிரஷைச் சுற்றிலும் பளபளப்பான கறுப்புப் பூச்சு. விரலில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பு. வெறும் கார்பன் தூள் உலர்ந்து உதிரும், இப்படி ஒட்டாது. இது ஆயிலோடு கலந்த கார்பன்.

இங்கே நிறுத்தி புது ரெகுலேட்டரை மாட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் ஊகமாகவே நின்றுபோகும். அதனால் ஹோல்டரைத் துடைக்காமல் அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்தேன். வைப்பதற்கு முன் அறை வெப்பநிலையில் தேய்ந்த பிரஷை விரலால் உள்ளே அழுத்தி விட்டபோது சோம்பலாக, ஆனால் முழுதாக வெளியே வந்தது. மறுநாள் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அதே பிரஷை அழுத்தினேன். அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கறுப்புப் பூச்சு மெழுகு போல இறுகியிருந்தது, வலுவிழந்த ஸ்பிரிங்கால் அதை மீறித் தள்ள முடியவில்லை. மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நிமிடங்களில் பிரஷ் நகரத் தொடங்கி, மெல்ல ஊர்ந்து, முழு நீளத்துக்கு வந்து நின்றது. காலையில் வண்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருந்தது இதுதான்: ரோட்டார் சுற்றும்போது பிரஷ் லேசாக உள்ளே தள்ளப்படுகிறது, இரவில் அப்படியே இறுகி நின்றுவிடுகிறது, இன்ஜின் சூடு ஏறியதும் இளகி ரிங்கைத் தொடுகிறது. அதே ஹோல்டரின் நீளமான பிரஷ் ஃப்ரீசருக்குப் பிறகும் நன்றாகவே வந்து போனது, அதன் ஸ்பிரிங்கில் இன்னும் வலு இருந்ததால். இந்தக் குறைக்குத் தேய்மானமும் வேண்டும், ஆயிலும் வேண்டும், குளிரும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கும்.

ஆயில் எங்கிருந்து வந்தது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ஆல்டர்னேட்டருக்கு நேர் மேலே, இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கெட்டியாகி, ஓரத்தில் ஆயில் கசிந்து வழிந்த தடம் இருந்தது. சொட்டும் அளவுக்கு இல்லை. ஆனால் ஆல்டர்னேட்டர் தன்னைக் குளிரவைக்கக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதால், பக்கத்தில் கசிவதும் அதோடு சேர்ந்து உள்ளே போகும்.

சரிசெய்ததும், பிறகு பார்த்ததும்

ஸ்லிப் ரிங்குகளில் லேசான பள்ளம் விழுந்திருந்தது, மாற்றும் அளவுக்கு இல்லை. இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே ரோட்டாரின் தடை 3.1 ஓம், ரிங்கிலிருந்து ரோட்டாரின் உடலுக்குத் தொடர்பு எதுவும் இல்லை. ரோட்டார் நல்ல நிலையில் இருந்ததால் ரிங்குகளை மென்மையான தாளால் மெருகேற்றி, எலக்ட்ரிக்கல் கிளீனரால் கழுவி உலரவிட்டேன். புதிய ரெகுலேட்டர், அதோடு புதிய பிரஷ்கள். டேப்பட் கவர் பேக்கிங்கும் மாற்றினேன். அதை மாற்றாமல் விட்டிருந்தால் புது பிரஷும் ஒரு காலத்தில் அதே சேற்றில்தான் நின்றிருக்கும். பேட்டரியை வெளியே எடுத்துச் சார்ஜரில் மெதுவாக முழுதும் ஏற்றினேன். ஆழமாக இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடுவது இரண்டுக்குமே நல்லதல்ல.

வேலை முடிந்த சூட்டில் எடுக்கும் அளவை நான் நம்புவதில்லை, இந்த வண்டியில் பழுதோடும் அந்த அளவு சரியாகத்தான் வந்தது. மறுபடி குளிர்ந்த காலைகளின் வீடியோக்களைத்தான் கேட்டேன். எல்லாவற்றிலும் சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. ஒரு கடுங்குளிர் காலையில் நானே போய் அளந்தபோது ஸ்டார்ட் ஆனவுடன் 14.7 வோல்ட், இன்ஜின் சூடேறிய பிறகு 14.1. இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளிர்ந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற அதிக வோல்டேஜ் தேவை என்பதால், ரெகுலேட்டர் வேண்டுமென்றே குளிரில் உயர்த்தியும் சூட்டில் குறைத்தும் கொடுக்கிறது.

புதிய வண்டிகளில் இந்த விளக்குச் சோதனை இப்படியே பொருந்தாது. அவற்றில் இன்ஜின் கம்ப்யூட்டர்தான் ரெகுலேட்டரோடு பேசுகிறது. டாஷ்போர்டு விளக்கை கம்ப்யூட்டரே எரியவிடுவதால், சாவி போட்டதும் அது எரிவது ரோட்டார் சுற்று சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. பேட்டரி நிறைந்திருந்தால் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து 12.8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும், அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஸ்கேனரில் ரெகுலேட்டருக்குப் போகும் கட்டளை வோல்டேஜையும், பேட்டரியில் உண்மையில் இருக்கும் வோல்டேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டளை 14.5 என்றிருக்க, பேட்டரியில் 11.9 மட்டும் இருந்தால் ஆல்டர்னேட்டரையும் அதற்குப் போகும் ஒயர்களையும் திறந்து பார்க்கலாம். கட்டளையே குறைவாக இருந்தால் பேட்டரி சென்சாரிலிருந்து தேட வேண்டும். இரண்டு வகை வண்டியிலும் அளவை எடுக்க வேண்டிய நேரம் மட்டும் ஒன்றுதான்: இரவெல்லாம் வெளியில் நின்ற பிறகு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னும் அதற்கு அடுத்த சில நிமிடங்களிலும்.